விலங்குகளின் தோற்றம்: செல்கள் பிரியாமல் நின்ற கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் இணைப்பில் வெளியான, விலங்குகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். கேரள எல்லையில் தமிழ்வழியில் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூலுக்கு வெளியே தமிழில் கிடைக்கும் அறிவியல் வாசிப்பு குறைவு என்பதால், அந்த இணைப்பை வகுப்பிலேயே படித்துக் காட்டுவது வழக்கம். ஆகவே அதிலுள்ள ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். தனித்துத் திரிந்த ஒருசெல் உயிரிகள் ஒன்றுகூடி உடலாயின என்கிறது கட்டுரை. விலங்குகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் சுட்டும் வழி வேறு. ஒரே செல் பிளந்து உண்டான சேய்ச்செல்கள் பிரிந்து போகாமல் நின்றன என்பதே அது.

நமக்கு மிக நெருங்கிய ஒருசெல் உறவினர்கள் கோயனோஃபிளாஜெல்லேட்டுகள். சாட்டைபோல் அசையும் ஒற்றைக் கசையிழையும் அதைச் சூழ்ந்த கழுத்துப்பட்டையும் கொண்ட அவை, எளிய விலங்குகளான பஞ்சுயிரிகளின் உட்சுவர்ச் செல்களைப் பெரிதும் ஒத்திருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருக்கிறார்கள். நீரில் மூழ்கிய கற்களில் பசேலென்று படியும் நன்னீர்ப் பஞ்சுயிரியைத் தட்டிலிட்டு, அருகே ஒரு சொட்டு நிறநீரை விட்டால், சற்று நேரத்தில் அந்த நிறநீர் பஞ்சுயிரியின் மேல்துளை வழியே மெல்லிய இழையாக வெளியேறும். அந்த ஓட்டத்தை உண்டாக்குபவை இச்செல்களின் கசையிழைகளே. தனித்து வாழும் கோயனோஃபிளாஜெல்லேட்டான மோனோசிகா பிரெவிகாலிஸின் மரபணுத்தொகுதி 2008இல் வெளியானபோது, நம் உடலில் செல்களை ஒட்டிவைக்கும் கேட்ஹெரின் வகைப் புரதங்களுக்கான 23 மரபணுக்கள் அதில் காணப்பட்டன. உடல் உண்டாகும் முன்பே பசை இருந்திருக்கிறது! அதன் உறவான சால்பிஞ்ஜீக்கா ரோசெட்டா பூ வடிவில் கூட்டமாவது, செல்கள் பிளந்தும் பிரியாமல் இருப்பதால்தான் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது; அதைத் தூண்டுவது ஒரு பாக்டீரியாவின் கொழுப்புப் பொருள் என்பது 2012இல் தெரியவந்தது.

இந்த வேறுபாடு சிறியதன்று. டிக்டியோஸ்டீலியம் என்னும் மண்வாழ் அமீபாக்கள் உண்மையாகவே ஒன்றுகூடுபவை. அவற்றுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, வித்துகளைத் தாங்கும் காம்பாகி மடிய, மற்றவை வித்துகளாகின்றன. வெவ்வேறு மரபினர் கலந்த கூட்டத்தில் காம்பாகாமல் தப்பிக்கும் ஏமாற்றுச் செல்கள் பெருக இடமுண்டு. ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றிய உடலில் அந்தப் பூசல் பெரும்பாலும் எழுவதில்லை. தோல்செல் மடிந்தாலும் அதன் மரபணுக்கள் முட்டையிலும் விந்திலும் தொடர்கின்றன. இந்த ஒழுங்கு குலையும்போது என்ன நேரும் என்பதைப் புற்றுநோயில் பார்க்கிறோம்.

எனவே அடுத்த இணைப்பில் திருத்தம் ஒன்றை வெளியிட்டு, அந்தப் பூவடிவக் கூட்டத்தின் படத்தையும் சேர்த்துத் தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.