விட்டுப்போன சர்வீஸை அப்புறம் போட்டுக்கொள்ள முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்களா, விபத்தில் அடிபட்ட வண்டியா, ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தீர்கள், நல்ல கட்டுரைதான். ஆனால் சர்வீஸ் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில்: சர்வீஸ் புத்தகம் இருந்தால் நல்லது என்று. கார் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கட்டுரையின் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது. கதவில் கீறல் விழுந்த கார் வருடக்கணக்கில் ஓடும். ஆயில் மாற்றாத இன்ஜின் அப்படி ஓடாது.

விற்கிறவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "நடுவுல ஒண்ணு ரெண்டு சர்வீஸ் விட்டுப்போச்சுங்க, வாங்கினதும் ஒரு ஃபுல் சர்வீஸ் போட்டுடுங்க, சரியாயிடும்." கேட்கிறவரும் சரி, ஒரு சர்வீஸ் செலவுதானே என்று அதை விலையில் கழித்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுகிறார். இந்தக் கணக்கு தப்பு. விட்டுப்போன சர்வீஸ் என்பது பாக்கி வைத்த பணம் மாதிரி பிற்பாடு கட்டி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. அந்தக் காலம் முழுக்க இன்ஜின் கெட்டுப்போன ஆயிலில் தேய்ந்துகொண்டே ஓடியிருக்கிறது, இன்று எவ்வளவு உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் தேய்ந்த உலோகம் திரும்பி வளராது.

இன்ஜின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு இன்னும் பல வேலைகள் செய்கிறது. எரிபொருள் எரியும்போது வரும் கரி, அமிலம், ஈரம் எல்லாவற்றையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான், அதற்காகவே ஆயிலில் சில ரசாயனங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ரசாயனங்கள் தீர்ந்துபோனதும் கரி மிதக்காமல் படிய ஆரம்பிக்கிறது, சூட்டில் ஆயிலே கெட்டியாகி தார் மாதிரி கசடாகிறது. அந்தக் கசடு ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புக்குப் போகிற நுண்ணிய துளைகளை அடைக்கும், பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையங்களான பிஸ்டன் ரிங்குகளை அசைய விடாமல் ஒட்டவைக்கும். ரிங் ஒட்டிய இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கிறது, பின்னால் நீலப் புகை வருகிறது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம், அதன் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, ஆயிலின் மெல்லிய படலம்தான் அதைத் தாங்குகிறது. ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் விட்டிருந்தால் அது அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சிறு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜின் முழுக்கச் சுற்றும். ஆயிலே போகாமல் இன்ஜின் பிடித்துக்கொள்வதைவிட அது மேல் என்றுதான் அந்த வால்வை வைத்திருக்கிறார்கள், ஆனால் அப்படியே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பேச்சு, "வண்டி அதிகம் ஓடவே இல்லை, அதனால சர்வீஸ் தேவைப்படலை." இதை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள், 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்கிற மாதிரி (அளவு வண்டிக்கு வண்டி மாறும்). தினம் கொஞ்ச தூரம் மட்டும் போய் நிறுத்துகிற வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறுவதே இல்லை, அதனால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், ஆயிலோ நெடுந்தூரம் ஓடிய வண்டியைவிடக் கெட்டிருக்கும்.

எல்லா சர்வீஸும் ஒரே மாதிரி முக்கியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீணாகப் பயமுறுத்துகிற மாதிரி ஆகிவிடும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், இவையெல்லாம் கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் பெரும்பாலும் மாற்றினால் முடிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 4 வகை என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை, ஈரம் ஏறியபின் அதற்கான அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகி, மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் பழைய வண்டி வாங்கிய முதல் வாரமே அதை மாற்றிவிட வேண்டும், மாற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கொஞ்சம் சிக்கல், நிறம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்து தீர்ந்திருக்கும். யாராவது வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருந்தால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் உள்ளேயே அரித்திருக்கும்.

பயப்பட வேண்டியவை இன்ஜின் ஆயில், டைமிங் பெல்ட், கியர் பாக்ஸ் ஆயில், டீசல் வண்டி என்றால் டீசல் ஃபில்டரும். பிஸ்டன் அசைவுக்குச் சரியாக வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும், மாற்றும் காலம் வண்டியைப் பொறுத்து 60,000 கி.மீ. முதல் அதற்கு இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம், கூடவே வருடக் கணக்கும் உண்டு. அறுகிற வரை பெரும்பாலும் ஒரு சத்தமும் கொடுக்காது. அறுந்தால் பல இன்ஜின்களில் மேலே வருகிற பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி எல்லாம் வளைந்துவிடும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜின் என்றால் கவலை இல்லை என்பார்கள், ஆனால் கெட்ட ஆயிலில் ஓடிய செயின் நீண்டுபோகும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வரும். இன்னொரு வகையும் இருக்கிறது, பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினின் பழைய பதிப்புகள், பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் எல்லாம் இந்த வகை. இதில் ஆயில் மாற்றத் தவறினாலோ தப்பான ஆயிலை ஊற்றினாலோ பெல்ட் ஊறி உதிர ஆரம்பித்து, அந்தத் துகள்களே ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இன்ஜினுள்ள வண்டியை சர்வீஸ் பில் இல்லாமல் நான் யாருக்கும் சிபாரிசு செய்யவே மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஒரே ஆயில் போதும் என்று எழுதியிருக்கும் வண்டிகள் நிறைய. ஆனால் கியர் பாக்ஸ் தயாரிக்கிற ஜெர்மன் நிறுவனமான இசட்எஃப்பே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நிறைய ஓடிய வண்டி என்றால் இது நடந்ததா என்று கேளுங்கள்.

கேட்பது மட்டும் போதாது, காகிதத்தைப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் வரிசையாக சீல் இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள், எல்லா சீலும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பில்தான் பேசும். எந்த ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றினார்களா, அன்றைக்கு மீட்டரில் எவ்வளவு என்று அதில் இருக்கும், அந்தக் கிலோமீட்டர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் நடுவில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், மீட்டரைக் குறைத்திருந்தாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். பல கம்பெனிகளில் சர்வீஸ் விவரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உரிமையாளர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், விற்கிறவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். வெளியே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விட்டேன் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, நல்ல மெக்கானிக்குகள் வெளியேயும் இருக்கிறார்கள், ஆனால் ஆயில் வாங்கிய ரசீதாவது அவரிடம் இருக்க வேண்டும் அல்லவா.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைத் தொடங்கும்போதுதான் அதன் உண்மையான சத்தம் கேட்கும். தொடங்கும் முன்பே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். லேசான பழுப்பு பரவாயில்லை, கருப்பாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பளிச்சென்று புதிதாக இருந்து மூடிக்கடியில் கசடு இருந்தால் விற்பதற்காகவே நேற்று மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதே சமயம் டீசல் வண்டியில் ஆயில் கருப்பாக இருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது, மாற்றிய கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும். மூடிக்கடியில் வெள்ளையாக நுரை மாதிரி இருந்தால் குறைந்த தூரம் ஓடிய ஈரமாகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போனதாகவும் இருக்கலாம், கூலன்ட் குறைகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது, பழுதுக் குறியீடுகளை அண்மையில் அழித்திருந்தால் பல வண்டிகளில் சுயசோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனரே காட்டிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, ஒன்றிரண்டு சர்வீஸ் தவறியிருந்தாலும் இன்ஜின் உள்ளே சுத்தமாக இருக்கிறது, விலையும் தோதாக இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பேரம் பேசும்போது ஒரு சர்வீஸ் செலவை மட்டும் கழிக்காதீர்கள், பெல்ட் மாற்றும் செலவு, கியர் பாக்ஸ் ஆயில் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள், மாற்றியதற்கு ஆதாரம் இல்லாத எதுவும் மாற்றப்படாததுதான் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். கம்பெனி வாரண்டி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஆசை காட்டுவார்கள், சர்வீஸ் தவறியதால்தான் பழுது வந்தது என்று சொல்லி அதை மறுக்க இடம் உண்டு, எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பின் கசடைக் கரைக்கிற ஃப்ளஷ் மருந்தை ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கசடு கட்டிகளாகக் கழன்று சல்லடையை அடைத்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினும் போய்விடும். கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, முதல் இரண்டு மூன்று தடவை கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதி ஓடியதுமே ஃபில்டரோடு மாற்றுவதுதான் நிதானமான வழி.

உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வரி விளம்பரப் பகுதியில் கார் விற்பனைக்கு என்று வருகிற விளம்பரங்களில் மாடல் வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் இருக்கிறது. அதோடு கடைசியாக ஆயில் மாற்றிய மாதம், அப்போதைய கிலோமீட்டர், பில் இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள், அந்த ஒரு வரிக்குக் கூடுதல் கட்டணம் வாங்காதீர்கள். ஒழுங்காகப் பராமரித்து பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறவருக்கு இன்று சந்தையில் எந்த மரியாதையும் இல்லை, பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருக்கும் பக்கத்து வண்டிக்கும் அதே விலைதான் கிடைக்கிறது. அந்த வரி விளம்பரத்தில் வந்தால், வாங்குகிறவர் போன் செய்யும் முன்பே இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்