செயலாளரின் ஆண்டறிக்கை: பௌதிகத்துக்கும் பொறியியலுக்கும் கணினி அட்சரகணிதம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, உறுப்பினர்களே, பெற்றோரே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன; குறிப்புகள் கோப்பில் உள்ளன. இவ்வாண்டு எமது நேரத்தில் பெரும்பங்கை எடுத்தது கணினி அட்சரகணித வகுப்புத்தான்; எண்களை மட்டுமல்லாமல் எழுத்துக் குறியீடுகள் கொண்ட சமன்பாடுகளையும் கணினியைக் கொண்டு தீர்ப்பதே அது. அதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

மக்சிமா என்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்தோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1968இல் தொடங்கிய மாக்சைமாவின் வழிவந்தது அது. பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் 1998இல் அனுமதி பெற்றுக் கொடுத்ததால் இன்று எவரும் காசில்லாமல் பாவிக்கலாம். நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. டேட்டாவுக்குக் கணக்குப் பார்க்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு இது பெரிய விடயம்.

இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் நீரைத் தாங்கும் கொங்கிறீட் சுவரையே முதற் கணக்காக எடுத்தோம். சுமை சமமாகப் பரவினால் நுனி விலகலின், அதாவது சுவரின் மேல் நுனி வளைந்து நகரும் தூரத்தின், சூத்திரத்தில் பகுதியெண்ணில் 8 வரும். அதைப் பலர் பாடமாக்கியிருந்தார்கள். நீரழுத்தமோ மேலே பூச்சியம், அடியில் உச்சம். சுமையை அப்படி எழுதி மக்சிமாவில் நான்கு தரம் தொகையிட்டோம். அடியில் விலகலும் சாய்வும் பூச்சியம், நுனியில் திருப்பமும் வெட்டுவிசையும் பூச்சியம் என்று கொடுத்ததும் 8 இருந்த இடத்தில் 30 வந்தது. மொத்தச் சுமை பாதியானால் விலகலும் பாதிதானே ஆகவேண்டும், ஏன் கால்வாசியளவுக்கு இறங்கியது என்று ஒரு மாணவி கேட்டார். சுமையின் பெரும்பகுதி அடிக்குக் கிட்ட இருப்பதுதான் காரணம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கையால் விரித்து எழுதுவதில் போகும் நேரம் மிச்சமானதால்தான் இந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்தது.

வில்லில் ஆடும் திணிவின் சமன்பாட்டைக் கொடுத்தால், வில்லின் மாறிலி நேரா, மறையா, பூச்சியமா என்று மக்சிமா திருப்பிக் கேட்கும். முதலில் பிள்ளைகளுக்கு எரிச்சல். நேர் என்றால் சைனும் கோசைனும் வந்து அலைவு கிடைக்கும். மறை என்றால் அடுக்குக்குறிச் சார்பு வரும், பொருள் பொதுவாக விலகியே போகும். இதைக் கண்டதும் அந்தக் கேள்வி பௌதிகத்தைத்தான் கேட்கிறது என்று விளங்கிக்கொண்டார்கள்.

பரீட்சை கையால் எழுதுவதுதானே என்று சில பெற்றோர் கவலைப்பட்டது நியாயமே. அதனால் இப்போது எந்தக் கணக்கையும் முதலில் கொப்பியில் செய்து, அப்புறமே கணினியில் சரிபார்க்க வேண்டும் என்று விதி வைத்துள்ளோம். அதைத் தளர்த்த வேண்டாம் என்பதே புதிய நிர்வாகத்திடம் என் வேண்டுகோள்.

மடிக்கணினிகள் போதவில்லை, வீட்டில் சும்மா கிடப்பதைத் தருவோர் பொருளாளரிடம் சொல்லுங்கள். கணக்கறிக்கையை அவர் அடுத்து வாசிப்பார்.