கூட்டனாய் மக்களின் இன்றைய வாழ்க்கையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட அமெரிக்காவின் கூட்டனாய் பழங்குடி மக்களை ஆராய்ந்த கிளாட் ஷேஃபரின் கட்டுரைகளைத் தங்கள் இதழில் அறிமுகப்படுத்தியிருந்தது பெரிய சந்தோஷம். தமிழில் இவரைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆண் உடையில், ஆணாகவே வாழ்ந்து, 1811இல் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த அஸ்டோரியா என்ற வியாபாரக் கோட்டைக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோன கூட்டனாய்ப் பெண்ணைப் பற்றி அவர் 1965இல் எழுதியது அருமையான கட்டுரை. வெள்ளைக்கார வியாபாரிகளின் குறிப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த செய்திகளோடு, கூட்டனாய் முதியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததையும் சேர்த்துவைத்து அந்த வாழ்க்கையை அவர் எழுதினார். முதியவர்களின் வாய்மொழியையும் சாட்சியாக மதித்தாரே, அதற்காகவே அவரைக் கொண்டாடலாம்.

ஆனால் தங்கள் கட்டுரை அத்தோடு நின்றுவிட்டது. படகு, கதை, சடங்கு என்று மட்டும் படித்து முடிக்கிறவருக்கு, கூட்டனாய் மக்கள் என்றோ மறைந்துபோனவர்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களிலும் இன்றும் வாழ்கிறார்கள்.

ஐடஹோவின் போனர்ஸ் ஃபெரி ஊரில் வாழும் கூட்டனாய் மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடிகளின் நிலத்தைப் பெற அமெரிக்க அரசு 1855இல் போட்ட ஹெல்கேட் ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திடவில்லை; நிலம் மட்டும் கைவிட்டுப் போனது. 1974இல் அங்கே மிஞ்சியிருந்தவர்கள் 67 பேர். ஓட்டை உடைசல் வீடுகள், வறுமை. முறையிட்டுப் பயனில்லாமல் போகவே, அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி அமெரிக்க அரசின் மீதே போர் அறிவித்தார்கள். தலைமை ஏற்றவர் ஏமி ட்ரைஸ் என்ற பெண்மணி. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. தங்கள் மண்ணைக் கடந்துபோகும் நெடுஞ்சாலையில் நின்று, வண்டிக்காரர்களிடம் 10 சென்ட் சுங்கம் கேட்டார்கள். கடைசியில் கிடைத்த நிலம் 12.5 ஏக்கர்தான். இருந்தாலும் வீட்டுக்கும் சாலைக்கும் வழி பிறந்தது அதற்கு அப்புறம்தான்.

அவர்கள் வாழும் கூட்டனாய் ஆற்றின் கதை இன்னொன்று. இரண்டு முனையும் தண்ணீருக்குள் கூர்ந்து இறங்கும் கூட்டனாய்ப் படகைப் பற்றி அறிஞர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்த ஆற்றில் வாழும் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனின் மூக்கைப் போன்ற முனை அது. அந்த மீனுக்கு என்ன ஆயிற்று? 1970களில் மொன்டானாவில் அந்த ஆற்றின் குறுக்கே லிபி அணை வந்தது. வசந்தகால வெள்ளம் தடைப்பட்டது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அந்த வெள்ளத்தை நம்பியிருந்த அந்த ஆற்று மீன், 1994இல் அமெரிக்காவின் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்று அந்த மக்களே பொரிப்பகம் நடத்தி, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். இதைப் பண்பாடு என்று எழுதுவதா, நலவாழ்வு என்று எழுதுவதா? அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரான்புரூக் அருகே செயின்ட் யூஜின் விடுதிப்பள்ளிக் கட்டடமும் இருக்கிறது. 1912 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவந்து அடைத்துவைத்த இடம். உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத ஒரு மொழியைப் பேசியவர்கள், தங்கள் பிள்ளைகளிடமே அதை இழந்தார்கள். இன்று அதே கட்டடத்தில் பழங்குடி மக்களே ஹோட்டல் நடத்தி வருமானம் ஈட்டுகிறார்கள். ஒரு தனிக் கட்டுரைக்கே விஷயம் இருக்கிறது. ஷேஃபரைப் பற்றி எழுதியவரே இதையும் எழுதினால் நன்றாக இருக்கும். அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.