வாரன்ட் ஆபீசர்களை மறந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமானப்படை என்றதும் விமானிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். தளத்தைக் கட்டி மேய்க்கும் வாரன்ட் ஆபீசர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்திய விமானப்படையில் ஜூனியர் வாரன்ட் ஆபீசர், வாரன்ட் ஆபீசர், மாஸ்டர் வாரன்ட் ஆபீசர் என்று மூன்று படிகள். சாதாரண ஏர்மேனாகச் சேர்ந்தவர் பல ஆண்டுகள் உழைத்த பிறகே அங்கே வர முடியும்.

எங்கள் ஸ்டேஷன் வாரன்ட் ஆபீசர் பரேடில் முதலில் ஷூவைப் பார்ப்பார். பிறகு பெல்ட் பக்கிள், பிறகு கிருதா. முகத்தைப் பார்த்தால் அன்றைக்குத் தொலைந்தோம்! ராத்திரி டியூட்டி பார்த்தவன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் விமானம் நிற்கும் இடத்தில் அவருடைய கெடுபிடியைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையாக நடந்து கல், ஆணி, கம்பித் துண்டு என்று பொறுக்க வைப்பார். ஜெட் எஞ்சின் ஒரு சின்ன ஆணியை உறிஞ்சினாலே உள்ளிருக்கும் பிளேடுகள் போச்சு. வேலை முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும் வரை விமானம் நகராது, நாங்களும் சாப்பிடப் போக முடியாது. 2000-இல் பாரிஸ் அருகே கான்கார்ட் என்ற பயணிகள் ஜெட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்களே, ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டையில்தான் அது தொடங்கியது.

ஓய்வுபெற்ற வாரன்ட் ஆபீசர்கள் சிலரைப் பேட்டி கண்டு உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடலாமே?

– ஓய்வுபெற்ற விமானப்படை சார்ஜென்ட்