கையெழுத்து வாங்கும் முன் வாயால் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் மனநல ஆலோசனை வழங்கும் அமைப்புகளுக்கும், ஆலோசகர்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் அறைக்குள் வந்து உட்காரும் தமிழர்கள் பலருக்கு அந்த அறையின் விதிகள் என்னவென்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவமாக, பேனாவோடு சேர்த்து நீட்டுகிறார்கள். இந்த மடல் அதைப் பற்றி மட்டும்தான். காத்திருப்பு, கட்டணம், தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்காதது என்று வேறு குறைகளும் இருக்கின்றன. அவற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள்.

என் அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போனது, சாப்பாடும் குறைந்தது. பலதுறை மருந்தக டாக்டர் ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆலோசகர் நல்ல பெண், பொறுமைசாலி. அம்மாவை வாய் நிறைய ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கடைத்தெரு மலாய் சரளமாக வரும், ஆங்கிலம் ‘ஓகே, தேங்க்யூ’வோடு சரி. ஆகவே மொழிபெயர்க்க நான். மகள்தானே, அதில் என்ன தயக்கம் என்று எல்லாரும் நினைத்தோம்.

முதலில் படிவம் வந்தது. நான் படித்துப் பார்த்துவிட்டு “இங்க கையெழுத்துப் போடும்மா” என்றேன். அம்மா போட்டார். வங்கியிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அலுவலகத்திலும் போடுவாரே, அப்படித்தான். பிறகு ஆலோசகர், வீட்டில் யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேசை மேல் இருந்த டிஷ்யூ பெட்டியைப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

பின்னால், தமிழ் பேசும் ஒருவரிடம் தனியாகப் பேச ஏற்பாடானது. அம்மாவின் மனத்தாங்கலே பிள்ளைகளான எங்களோடுதான் என்பது அதற்குப் பிறகு அம்மாவே என்னிடம் சொல்லித்தான் தெரியும். வீட்டை விற்றுவிட்டு முறை வைத்து எங்கள் வீடுகளில் தங்கலாம் என்று நாங்கள் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை என் வாய் வழியாகவே என்னைப் பற்றி எப்படிச் சொல்வார்? இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது, எம்பேரப் போடாத, போட்டாவும் போடாத” என்றார். போடவில்லை.

எங்கள் விஷயம் சின்னது. கணவர் அடிக்கிறார் என்று சொல்ல வந்த பெண்ணுக்குக் கணவரே மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? பதினான்கு வயதுப் பையன், அம்மா சாக நினைத்ததை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டி வந்தால்? வீட்டு ஆட்களையும் பிள்ளைகளையும் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் புதிய கருத்தே அல்ல, பயிற்சியிலேயே சொல்லித் தருவதுதான். ஆள் கிடைக்காத அவசரத்தில் அது காற்றில் பறக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அந்த 2.5 விழுக்காட்டில்தான் ஆங்கிலம் தெரியாத முதியவர்கள் இருக்கிறார்கள். தங்கும் விடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், அது சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணுகிறது.

சரி, ரகசியத்துக்கு வருகிறேன். “இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது” என்று ஆலோசகர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று தோன்றினால், பிள்ளையோ தற்காத்துக்கொள்ள முடியாத முதியவரோ துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், ஆலோசகர் வாய் திறக்க வேண்டி வரும். அது நியாயமும்கூட. இந்த எல்லையைப் பற்றி உலகம் முழுக்கப் பாடத்தில் வைக்கும் வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. இந்தியாவிலிருந்து பெர்க்லிக்குப் படிக்கப் போன புரோசென்ஜித் போடார் என்ற மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் உளவியலாளரிடம் 1969இல் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் குடும்பத்துக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தத்தியானா தாரசாஃப் என்ற அந்தப் பெண் போடார் கையால் கொலையானார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை இங்கேயும் எல்லா ஆலோசகர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

எல்லை இருப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது, நாங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு எங்களுக்குத் தெரிவதுதான் சிக்கல். ஒரு பெண் மனம் விட்டு அழுது, மாமியாரைக் கோபத்தில் பிடித்துத் தள்ளியதைச் சொல்லி முடிக்கிறாள். அதன் பிறகுதான் ஆலோசகர், இதை நான் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தால், அவள் மறுபடி எந்த ஆலோசகரிடமும் போகமாட்டாள். அவள் சொல்லித் தெரிந்துகொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களும் போகமாட்டார்கள்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூர்மையானது. சொந்த ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவருக்கு, தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்ற செய்தி முதலாளி காதுக்குப் போனால் பெர்மிட் ரத்தாகி விமானம் ஏற்றிவிடுவார்களோ என்ற எண்ணம்தான் முதலில் வரும். விடுதிக்கு வரும் ஆலோசகரின் சம்பளத்தை யார் தருகிறார்கள், யாருக்கு அவர் அறிக்கை கொடுப்பார், அந்த அறிக்கையில் பெயர் இருக்குமா, இல்லை எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டுமா? இதை அந்தத் தம்பி வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். நிறுவனங்கள் பணம் கட்டி ஊழியர்களுக்கு ஏற்பாடு செய்யும் ஆலோசனைச் சேவைகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும், அங்கே குளிர்சாதன அறையும் காப்பியும் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் ஆட்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான், பழைய பயங்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனநலக் கழக மருத்துவமனையை இன்றும் அதன் பழைய பேரான ‘உட்பிரிட்ஜ்’ என்றே சொல்லும் பெரியவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு, அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை. தற்கொலைக்கு முயல்வது இங்கே 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து குற்றமில்லை. ஆனாலும் போலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று முதலாளி கேட்கக் கூடாது என்று வழிகாட்டி நெறிமுறை வந்ததும் அதே 2020இல்தான். மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? 2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வில், வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பைச் சந்தித்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் உதவியே நாடவில்லை என்று தெரியவந்தது. அது எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு. எங்கள் பங்குக்கு, “வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் என்னாகும்” என்ற கவலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே தெரிவது என்றால், இங்கே நம் ஆட்கள் வட்டம் ரொம்பச் சின்னது. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்தால் நிம்மதி. ஆனால் அவர் நம் சிற்றப்பாவின் சம்பந்தியாகவும் இருக்கலாம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் பால்குடத்தோடு நடக்கும்போது அவரும் அதே வரிசையில் வருவார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மீன்கடையில் முட்டிக்கொள்வோம். வெளியே பார்த்தால் ஆலோசகர் தானாக வந்து பேசமாட்டார், நாம் பேசினால்தான் பேசுவார் என்ற நல்ல வழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது, நம்மைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், என் அம்மா கோயிலில் தன் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்து, “கண்டுங்காணாத மாதிரி போயிட்டாங்க, நாம அப்படி என்னத்தச் சொல்லிட்டோம்” என்று ரெண்டு நாள் புழுங்கினார்.

தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுபோனார். வாங்கிக்கொள்ள அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். “நான் என்ன லஞ்சமா குடுத்தேன்?” பஸ்ஸில் வீடு வரும்வரை டின் மடியிலேயே இருந்தது. பரிசு வாங்குவதில் ஏன் கவனமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இன்று முறுக்கு, நாளை தங்கக் காசு, மறுநாள் ஓர் உபகாரம் என்று போகலாம். ஆனால் தீபாவளிப் பலகாரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்களிடத்தில் உறவை முறிப்பதற்குச் சமம். அம்மா அடுத்த முறை போக மறுத்தார். முதல் நாளே, “ஆன்ட்டி, நாங்க எதுவும் வாங்கிக்க மாட்டோம், கோவிச்சுக்காதீங்க” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அரிசி மாவு மிச்சம்.

இன்னும் சொல்லாமல் விடும் விஷயங்கள்: ஆலோசகர் எங்களைப் பற்றித் தன் மேற்பார்வையாளரிடம் பேசுவார். பேசத்தான் வேண்டும், அது இல்லாத ஆலோசகரிடம் நான் போகமாட்டேன். பயிற்சியில் இருப்பவர் என்றால் பேச்சைப் பதிவுசெய்யவும் கேட்கலாம். குறிப்புகள் கணினியில் ஏறும். அந்தக் கணினியை வேறு யார் திறந்து பார்க்க முடியும்? 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் அமைப்புகளிடம் உள்ள நம் விவரங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை, சில விலக்குகளோடு, நமக்கு உண்டு. அதையும் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், சங்கங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இயன்முறை மருத்துவரும் பேச்சுச் சிகிச்சையாளரும் தொழில் செய்ய இங்கே சட்டப்படி பதிவு வேண்டும். ‘ஆலோசகர்’, ‘உளசிகிச்சையாளர்’ என்ற பலகையை மாட்ட அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கம் 1982இல் தொடங்கியது. நன்னெறிக் கோட்பாடு வைத்திருக்கிறது, தகுதி பார்த்துப் பதிவும் தருகிறது. ஆனால் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். தவறு செய்த ஒருவரை நீங்கள் நீக்கினாலும் அவர் மறுநாள் கடையைத் திறக்கலாம். உளவியலாளர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் போவதாகச் சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. ஆலோசகர்கள் முறை எப்போது என்பதை அமைச்சிடம் நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும். ஆன்மிகமும் ஆலோசனையும் ஒன்றாகக் கலந்து, வெள்ளி நூறு இருநூறு வாங்கிக்கொண்டு, “அனுசரிச்சுப் போம்மா, கிரகம் சரியில்ல” என்று அடிபடும் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்களும் அதே ‘கவுன்சலிங்’ பெயரில்தான் நடத்துகிறார்கள். அவர்களைப் பற்றி இப்போது நாங்கள் யாரிடம் புகார் கொடுப்பது?

அதுவரைக்கும் நான் கேட்பது இதுதான். ஆலோசனைக்கு வரும் தமிழர் ஒவ்வொருவருக்கும் முதல் சந்திப்பின் முதல் பத்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். அறையில் தமிழ் பேசும் ஆள் இல்லாவிட்டால், வெளி ஆளான மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது பிடியுங்கள், அவரும் ரகசியம் காப்பதாக உறுதி சொல்லட்டும். நீங்கள் யார், என்ன படித்திருக்கிறீர்கள், எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள், எதை வெளியே சொல்ல வேண்டி வரும், யாரிடம், நீங்கள் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் என்றால் வேறு ஆளைக் கேட்கலாமா, உங்கள் மேல் குறை இருந்தால் எங்கே போவது. எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள், படிவத்தைப் பிறகு கொடுங்கள். எழுத்துத் தமிழில் கடுமையாக மொழிபெயர்த்து ஒட்டி வைத்தால் அதுவும் ஆங்கிலப் படிவத்தைப் போலத்தான் படிக்கப்படாமல் கிடக்கும்.

ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சங்கங்கள் ஒரு மாதிரி உரையைத் தயாரித்து எல்லாருக்கும் கொடுக்கலாம், சிண்டாவில் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில்) இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அதை மூத்தோர் நிலையத்துப் பெண்கள் சிலரிடமும் விடுதி ஊழியர்கள் சிலரிடமும் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர நான் தயார். என் அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், நான் அந்த அறையில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவர்