மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்: சென்னை மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பகுதியில் ஒரு தெருவில் போன வாரம் தனியார் ஒப்பந்ததாரர் ஒருவர் கண்ணாடி இழைக் கேபிள் பதித்தார். தெருவை நெடுக வெட்டவில்லை. முனைக்கொரு குழி எடுத்து, இடையில் தரைக்கடியில் எந்திரத்தால் துளை போட்டு, குழாயை இழுத்துவிட்டுப் போனார்கள். இரவில் தொடங்கிய வேலை, விடிவதற்குள் குழியும் மூடியாயிற்று. இரண்டு நாள் கழித்து, குடிநீர்க் குழாயோடு இணைத்த அடிபம்புத் தண்ணீரில் சாக்கடை வாடை. சாலையை வெட்ட ‘ரோடு கட்’ அனுமதி யார் தருகிறார்கள், டெபாசிட் எங்கே கட்டுகிறார்கள் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல என்பதால் நேராகக் கோரிக்கைக்கு வருகிறோம்.

யார் தோண்டிய பள்ளமாக இருந்தாலும், மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போடாமல் அது மூடப்படக் கூடாது. கேட்பது இவ்வளவுதான்.

துளையிடும் எந்திரத்தின் முனைக்குள் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கும். மேலே ஒருவர் லொகேட்டரைப் பிடித்தபடி நடந்து, முனை எவ்வளவு ஆழத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். எதிரில் குடிநீர்க் குழாய் இருக்கிறதா, இபி கேபிள் இருக்கிறதா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ரேடார் வைத்துத் தரையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். அல்லது துளை போகும் வழியில் குழாய் குறுக்கிடும் இடங்களில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆளை விட்டுச் சோதனைக் குழி எடுக்க வேண்டும். முதலாவதற்குப் பணம் வேண்டும், இரண்டாவதற்கு நேரம் வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசி ராத்திரி வேலைக்கு வரும் துணை ஒப்பந்ததாரரிடம் இரண்டும் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையின் பழைய கணக்குப்படி கேபிள் 1.65 மீட்டர் ஆழத்தில் போக வேண்டும். அவ்வளவு ஆழம் போனால் வேலை மெதுவாகும். ஆகவே வீட்டு இணைப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மட்டத்திலேயே துளை போய்விடுகிறது.

குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீறிட்டுக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று கேட்கலாம். இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊரில் காட்டிக்கொடுக்கும். இங்கே பல தெருக்களில் காலையில் சில மணி நேரம்தான் தண்ணீர். அது நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். அந்த நேரத்தில் ஒருவர் அடிபம்பை அடித்தாலோ மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ, ஓட்டையைச் சுற்றி மண்ணில் ஊறிக் கிடப்பது உள்ளே வரும். அதே துளை பக்கத்தில் போகும் கழிவுநீர் ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப்பிலும் விரிசல் விட்டிருந்தால் ஊறிக் கிடப்பது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முதல் குடம் கறுப்பாக வருகிறது. அடுத்தது கலங்கல். அதன்பின் பார்வைக்குத் தெளிவாக வருகிறது, எல்லோரும் அதைத்தான் பிடித்து வைக்கிறார்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். கழிவு கலந்த தண்ணீரில் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். குளோரின் சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சள் தட்ட வேண்டிய தண்ணீர், நிறமே மாறாமல் அப்படியே நிற்கும். தெளிவாகத் தெரிகிற அந்தக் குடத்தைக் காய்ச்சாமல் குடிக்கும் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அதையும் போன வாரக் கேபிளையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஓட்டை எங்கே என்று தேடுவதற்கு மறுபடியும் தெருவைத்தான் தோண்ட வேண்டும். ஒருவர் மறைத்துவிட்டுப் போனதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் பல குழிகள் எடுக்க வேண்டியிருக்கிறது, பொதுப் பணத்தில். ஓட்டை போட்டவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அனுமதி கேபிள் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், வேலை ஒப்பந்ததாரரின் பெயரில், குழியில் நின்றது துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள், எந்திரம் வாடகைக்கு வந்தது. சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை, முன்பிருந்த 2016 விதிகளைப் போலவே, கேபிள் பதிப்பதற்கான 2024 வழித்தட உரிமை விதிகளும் நிறுவனத்தின் தலையில்தான் வைக்கின்றன. தோண்டுவதற்கு முன் தரைக்கடியில் குழாயும் கேபிளும் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகட்டும் என்று 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியும் வந்துவிட்டது. விதி இருக்கிறது, செயலி இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். சோதனைக் குழியையும் குழாய் போன ஆழத்தையும் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்குத் தேதியும் பெயரும் கோப்பில் இருக்கும்.

கழிவுநீர்க் குழாயின் கதை இன்னும் மோசம். துளை அதை ஊடுருவிப் போனால் வாடைகூட வராது. துளையிடும்போது ஊற்றும் பென்டோனைட் என்ற களிமண் சேறு, பக்கத்து மேன்ஹோலில் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்க ஆள் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தலாம். பார்க்காவிட்டால் கேபிள் போகும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய் கழிவுநீர்க் குழாய்க்குள்ளேயே குறுக்குக் கம்பியாக நின்றுவிடும். துணி, முடி, நாப்கின் என்று ஒவ்வொன்றாக அதில் மாட்டும். மாதங்கள் கழித்துத் தெருவில் கழிவுநீர் பொங்கும். அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வரும், குழாயை விட்டால் பாதியில் இடிக்கும். பழி கடைசியில் தெருக்காரர்கள் மேல் விழும், கண்டதையும் கழிவறையில் போடுகிறார்கள் என்று.

நெடுக வெட்டும் பள்ளங்களில் கோளாறு வேறு மாதிரி. பைப்பைச் சுற்றி மணல் போட வேண்டும். அதற்கு மேல் மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகப் போட்டு, அளவாக ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பாக்டரால் இறுக்க வேண்டும். நடப்பது என்ன? ஜேசிபி மொத்த மண்ணையும் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே இரண்டு முறை ஏறி இறங்குகிறது. இறுக்கம் மேலே ஒரு சாண், கீழே பொலபொல. ஒரு மீட்டர் ஆழத்தில் பத்து சதவீதம் அமுங்கினாலே 10 சென்டிமீட்டர் குழி. களிமண் பகுதி என்றால் கட்டி கட்டியாகப் போட்ட மண்ணுக்குள் இடைவெளி நிற்கும். முதல் கனமழையில் கட்டி கரைந்து தார் அந்தரத்தில் தொங்கும். தண்ணீர் லாரியின் பின்சக்கரம் இறங்குவது அங்கேதான். மண் நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சாண்ட் ரீப்ளேஸ்மென்ட் சோதனை இருக்கிறது. ஒரு உருளை, தராசு, சலித்த மணல் போதும். அதற்கும் வழியில்லையா, 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் குத்திப் பார்க்கட்டும். வெண்ணெயில் போவது போலப் போனால் தார் போட விடாதீர்கள். ஆனால் தார் போட்ட பிறகு கம்பியும் போகாது, கண்ணும் போகாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம், மூடுவதற்கு முன் பாருங்கள் என்று.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் ரோடு கட்டுக்குத் தடை விதிக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் தடை தொடங்கும் தேதி தெரிந்ததும் நிலுவை வேலை மொத்தமும் அதற்கு முந்தைய சில வாரங்களில் நெருக்கிக்கொண்டு வருகிறது. வருடத்திலேயே மிக அவசரமாக மூடப்படும் பள்ளங்கள், மழை கொட்டப்போகும் பள்ளங்களாகவே அமைந்துவிடுகின்றன. மிஞ்சிய மண் ஓரத்தில் குவியலாகக் கிடந்து முதல் மழையில் வடிகாலுக்குள் போகிறது. அதே வடிகாலில்தான் போன மாதம் தூர்வாரினார்கள்.

இந்த ஊரில் சாலை வேலைக்கு உத்தரவு இல்லாமல் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன் போட்ட சாலைகளின் புண்ணியத்தில் வாசல்படி இறங்கித் தெருவுக்கு வந்த வீட்டுக்காரர்கள் இன்று படி ஏறி வருகிறார்கள். 2022 அக்டோபரில் காசி தியேட்டர் பக்கம் வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தார். தடுப்பு வைப்பது எப்படி என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 பக்கம் பக்கமாகச் சொல்கிறது. இன்றும் தெருக்களில் இரண்டு சவுக்குக் கம்பு, நடுவில் சிவப்பு வெள்ளை ரிப்பன், ரிப்பனில் பாதி பள்ளத்துக்குள். 'பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று போர்டு வேறு. வருந்துவது யார் என்று பெயரும் போன் நம்பரும் போட்டிருந்தால் நாங்களும் ஆறுதல் சொல்லியிருப்போம்.

மன்னிக்க வேண்டும். கோபித்துக்கொள்ள இந்த மடலை எழுதவில்லை.

200 வார்டு, 15 மண்டலம், எல்லாக் குழிக்கும் பொறியாளரை நிற்க வைக்க முடியுமா என்று தாங்கள் கேட்பீர்கள். நாள் முழுக்க நிற்க வேண்டாம். குழாய் படுத்து, மண் விழுவதற்கு முன் ஒருமுறை. மண் இறுகி, தார் விழுவதற்கு முன் ஒருமுறை. பள்ளத்துக்குள் டேப்பை நீட்டி, இடமும் நேரமும் பதியும்படி ஒரு படம், அனுமதி எண், கையெழுத்து. இதற்கான செலவை அனுமதிக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் ஒரு கையெழுத்து இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளத்துக்கு டெபாசிட் திரும்பக் கூடாது. இரண்டும் இருந்தாலும் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகே திரும்ப வேண்டும். அனுமதி எண்ணும் தேதியும் பொறியாளரின் போன் நம்பரும் எழுதிய பலகை இல்லாத குழியைப் பார்த்தால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குக் கூப்பிடுங்கள், உடனே வேலையை நிறுத்துவோம் என்று ஒரு அறிவிப்பு கொடுங்கள். வேலை யாருடையது என்று மக்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

புதிதாகப் போட்ட சாலைகளுக்கு இது இன்னும் அவசியம். போட்டவரே பழுது பார்த்துத் தர வேண்டிய பொறுப்புக் காலத்தில் இருக்கும் சாலையை வேறொருவர் வெட்டிவிட்டால், சாலை போட்டவர் 'நான் போட்டது நன்றாகத்தான் இருந்தது' என்று கை கழுவிவிடுவார். வெட்டியவரோ கட்டணம் கட்டிவிட்டேன் என்பார். யார் சொல்வது நிஜம் என்று காட்ட அந்தக் கையெழுத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

மேலே சொன்ன தெருவில் உடைந்த இடம் தெரிந்துவிட்டது. புதுப் பைப் போட்டாயிற்று, குழி இன்னும் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் உதவிப் பொறியாளரை ஒரு அரை மணி நேரம் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். டேப்பும் 12 மில்லிமீட்டர் கம்பியும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
தென்சென்னைக் குடியிருப்போர் சிலர்