கடைசியில் வருகிறவருக்கும் தண்ணீர் வையுங்கள்

சென்னையில் ஓட்டப் பந்தயங்கள் நடத்துகிறவர்களுக்கும், ரன்னிங் குரூப்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் விடியற்காலையில் இவ்வளவு பேர் ஓடுகிறார்கள் என்றால், அதில் உங்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. போலீஸ் அனுமதியிலிருந்து ஆம்புலன்ஸ் வரை நீங்கள் அலைவது எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். ஐந்தரைக்குக் கிளம்பும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை ஐம்பது நிமிடத்தில் முடிப்பவர் வெயிலையே பார்ப்பதில்லை. இரண்டேகால் மணி நேரம் எடுப்பவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெயிலில் வருகிறார். கடலோரப் புழுக்கத்தில் வேர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடும் இறங்காது. தண்ணீர் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். ஆனால் பல இடங்களில் அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் மேசையை மடித்துவிடுகிறார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு பந்தயத்தில் தோழி ஒருத்தியுடன் வந்தேன். பருத்த உடம்புக்காரி. மூன்று நிமிடம் ஓடுவாள், ஒரு நிமிடம் நடப்பாள். அப்படி மாற்றி மாற்றி ஓடுவது உலகம் முழுக்கப் பலர் கடைப்பிடிக்கும் முறை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே காலமெல்லாம் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். ஏழாவது கிலோமீட்டரில் இருபது லிட்டர் கேன்கள் கவிழ்ந்து கிடந்தன. கூடையில் வாழைப்பழத் தோல்தான் மிச்சம். காகித டம்ளர்களைப் பெருக்கிக்கொண்டிருந்த பையன், "முடிஞ்சிடுச்சுக்கா" என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான். முதலில் முடித்தவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் இவளும் கட்டியிருந்தாள்.

சாலையைத் திறந்தாக வேண்டும், அதனால் இத்தனை மணிக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்ற கட்-ஆஃப் தேவை என்பீர்கள். சரி. அப்படியானால் மெதுவாக வருகிறவர்களை அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப விடுங்களேன். வெயிலும் குறையும், சாலையும் நேரத்துக்குத் திறக்கும். கட்-ஆஃப் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2004-இல் லண்டனில் தொடங்கிய பார்க்ரன் ஓட்டங்களில் ஒரு வாலண்டியர் எல்லோருக்கும் பின்னால் நடந்தே வருவார். கடைசி ஆளாக முடிப்பவர் எப்போதும் அவர்தான். அதற்கு நமக்கும் செலவு ஒன்றும் ஆகாது.

அப்புறம் டி-ஷர்ட். பெரிய அளவுகள் தீர்ந்துவிட்டன என்று பெண்களிடம் ஆண்களின் சட்டையை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. பதிவு செய்யும்போதே அளவு கேட்கிறீர்கள், அதன்படி தையுங்கள். பருமனாக இருப்பவர் ஓட வந்தால், "வெயிட் குறைக்கவா?" என்று குரூப்பில் கேட்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் ஓடப் பிடித்து ஓடுகிறார். எடையைக் கேட்பதற்கு நாம் டாக்டர் இல்லை.

பார்வையற்றவர் ஓடுவதை அருகில் பார்த்திருக்கிறீர்களா? இருவர் கையிலும் ஒரு சின்னக் கயிறு, சில சமயம் வெறும் ஷூ லேஸ்தான். கூட ஓடுபவர் "மேடு", "இடது பக்கம்", "தண்ணி வருது" என்று ஒற்றை வார்த்தைகளில் சொல்லிக்கொண்டே வருவார். இருவரின் கையும் ஒரே தாளத்தில் வீச வேண்டும், பழகினால் வந்துவிடும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது வழித்துணையாக ஓடியவர் அபய் சிங். ஞாயிற்றுக்கிழமை ஓட வரும் உங்கள் உறுப்பினர்களில் பத்துப் பேருக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியாதா? துணைக்கு ஓடுபவரிடம் தனிக் கட்டணம் மட்டும் வாங்காதீர்கள்.

2022 நவம்பரில் மெரினா மணலில் சக்கர நாற்காலிக்கென்று மரப்பாதை போட்டார்கள். சில நாளிலேயே புயலில் சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். கடல் வரைக்கும் போக வழி செய்த ஊர் இது. ஆனால் பந்தயம் நடக்கும் காலையில் பக்கத்துச் சாலையில் சக்கர நாற்காலியோடு வருகிறவருக்குத் தொடக்கக் கோட்டில் இடம் எங்கே? தடுப்புகளுக்கு நடுவே நாற்காலி நுழையும் அகலம், படி இல்லாத கழிப்பறை ஒன்று, காது கேளாதவருக்காக விசிலோடு ஒரு கொடியசைப்பு. விளையாட்டில் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக்கே சொல்கிறது. எதை எங்கே வைப்பது என்று நீங்களாக முடிவு செய்யாமல், வழித்தடம் போடும் கூட்டத்துக்கே மாற்றுத்திறனாளிகளை அழையுங்கள்.

அடுத்த பந்தயத்துக்கு வேலைகளைப் பிரிக்கும்போது கடைசித் தண்ணீர் மேசையை எங்களிடம் கொடுங்கள். கடைசி ஆள் கடந்து போகும்வரை நானும் தோழிகளும் அங்கேயே நிற்கிறோம்.